பிடித்த மீனைத் திரும்ப விட்டா பிழைக்குமா? ஒரு விளையாட்டையே மாற்றிய லீ வுல்ஃபின் கதை

அமெரிக்காவில் பாஸ் மீன் போட்டி ஒன்று நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலையிலிருந்து ஏரியில் தூண்டில் போட்ட ஒருவர், மாலையில் தண்ணீர் நிரப்பிய ஒரு பையில் ஐந்து மீன்களோடு மேடை ஏறுகிறார். மீன்கள் தராசில் ஏறுகின்றன. திரையில் எடை தெரிந்ததும் கூட்டம் ஆர்ப்பரிக்கிறது.

இங்கேதான் ட்விஸ்ட். அந்த மீன்கள் சந்தைக்கும் போகாது, சமையலறைக்கும் போகாது. உயிரோடு மறுபடியும் தண்ணீருக்கே போகும். கொண்டுவந்ததில் ஒரு மீன் செத்திருந்தால்கூட, போட்டியாளரின் மொத்த எடையில் கழித்துவிடுவார்கள். பரிசுப் பணம் கைநழுவிப் போக அதுவே போதும்.

இதன் பெயர் கேட்ச் அண்ட் ரிலீஸ். பிடி, பார், விட்டுவிடு. இன்று இது சாதாரண விஷயம். ஆனால் சுமார் 90 ஆண்டுகளுக்கு முன்பு, நல்ல மீனைப் பிடித்துவிட்டுத் திரும்ப ஆற்றில் விடுபவரை ஊரே வேடிக்கை பார்த்திருக்கும். அந்த மனநிலையை மாற்றியவர்களில் முதன்மையானவர் லீ வுல்ஃப். அவர் பாஸ் போட்டிக்காரர் அல்ல. ட்ரவுட், சால்மன் மீன்களின் பின்னால் வாழ்நாள் முழுக்க அலைந்தவர். அவருடைய யோசனை எப்படிப் போட்டி மேடை வரை வந்தது? வந்த வழியில் எதைத் தொலைத்தது?

அலாஸ்காவில் பிறந்த இன்ஜினியர்

1905 பிப்ரவரி 10 அன்று அலாஸ்காவின் வால்டெஸ் என்ற சிறிய துறைமுக ஊரில் பிறந்தார் லீ வுல்ஃப். படித்தது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங். 1926-ல் பட்டம் வாங்கினார். நியாயமாகப் பார்த்தால் பாலமோ அணையோ கட்டப் போயிருக்க வேண்டும். அவரோ ஓவியம் கற்க பாரிஸுக்குக் கிளம்பிவிட்டார்.

திரும்பி வந்து நியூயார்க்கில் விளம்பரம், பேக்கேஜிங் சார்ந்த வடிவமைப்பு வேலை பார்த்தார். வார இறுதி வந்தால் ஆற்றங்கரைதான். இன்ஜினியரின் மூளை, ஓவியரின் கண் இரண்டும் ஒரே ஆளிடம் இருந்ததன் பலன் சீக்கிரமே தெரிய ஆரம்பித்தது.

இறகுக்குப் பதில் முடி

ஃப்ளை ஃபிஷிங் என்பது புழு கோக்கும் தூண்டில் அல்ல. சிறிய கொக்கியில் இறகையும் நூலையும் கட்டி, பூச்சி மாதிரி தோற்றம் கொடுப்பார்கள். அந்தப் பொய்ப்பூச்சிதான் ஃப்ளை. நிஜப் பூச்சி என்று நம்பி மீன் கவ்வும்.

அன்றைய ஃப்ளைகள் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மெலிசு. வேகமான ஓட்டத்தில் நனைந்து மூழ்கிவிடும். 1930 வாக்கில் வுல்ஃப் இதற்கு ஒரு தீர்வு கண்டார். மானின் வால்முடியை எடுத்து இறக்கையாகவும் வாலாகவும் கட்டினார். ஃப்ளை தடிமனாச்சு, நன்றாக மிதந்தது, பல மீன்கள் கடித்த பிறகும் தாங்கியது. கிரே வுல்ஃப், ஒயிட் வுல்ஃப், ராயல் வுல்ஃப் என்று அவர் பெயரிலேயே அவை பிரபலமாயின. இன்றும் ஃப்ளை விற்கும் கடைகளில் கிடைக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. மீன்பிடிப்பவர்கள் போடும், உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த அந்தக் கையில்லா மேல்சட்டை. 1930-களின் தொடக்கத்தில் ஒரு சாதாரண சட்டையின் மேல் பாக்கெட்டுகளைத் தைத்து அந்த வடிவத்தை உருவாக்கியவர் என்ற பெயரும் அவருக்குத்தான்.

யாராவது ஒன்றைச் சொன்னால் அப்படியே நம்புகிற ஆள் இல்லை இவர். ஆற்றில் இறங்கப் போடும் நீர்புகாத நீளக் காற்சட்டையோடு தண்ணீரில் விழுந்தால், உள்ளே காற்று சிக்கி ஆள் தலைகீழாகி மூழ்கிவிடுவார் என்ற பயம் அப்போது பரவலாக இருந்தது. வுல்ஃப் என்ன செய்தார்? அதே காற்சட்டையைப் போட்டுக்கொண்டு பாலத்திலிருந்து ஆற்றுக்குள் குதித்தார். நீந்திக் கரையேறினார். விஷயம் முடிந்தது.

1939: ஒரு புத்தகம், ஒரு கணக்கு

1939-ல் நன்னீர் மீன்பிடிப்பு பற்றி அவர் எழுதிய கையேடு வெளியானது. அதில் அவர் முன்வைத்த ஒரு கருத்துதான் பிற்காலத்தில் ஒரு இயக்கத்துக்கே முழக்கமாக மாறியது. அதன் சாரம் ரொம்ப சிம்பிள். விளையாட்டுக்காகப் பிடிக்கப்படும் நல்ல மீனின் மதிப்பு பெரியது. ஒரே ஒருவர் ஒரே ஒரு முறை பிடித்ததோடு அது தீர்ந்துபோகக் கூடாது. திரும்ப விட்டால் அடுத்தவருக்கும் அதே சந்தோஷம் கிடைக்கும்.

இதை வெறும் கருணை என்று நினைத்துவிட வேண்டாம். இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. ஆற்றில் மீன்கள் குறைந்துகொண்டே போகின்றன. தூண்டிலோடு வருபவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். ஆளுக்கு ஒரு பை நிறைய எடுத்துப் போனால் ஆறு எத்தனை நாள் தாங்கும்? பொரித்துச் சாப்பிட்டால் அந்த மீன் ஒருவருக்கு ஒரு வேளை உணவு. ஆற்றில் இருந்தால் அது பலருக்குப் பல நாள்.

அப்போதைய பழக்கம் இதற்கு நேர் எதிர். செத்த மீன்களை வரிசையாகக் கோத்துத் தூக்கிப் பிடித்து எடுத்த போட்டோதான் திறமைக்கு அத்தாட்சி. அந்தப் பெருமையைத்தான் வுல்ஃப் கேள்வி கேட்டார்.

குட்டி விமானமும் சால்மன் ஆறுகளும்

அடுத்த கட்டம் நியூஃபவுண்ட்லாந்து. இன்று அது கனடாவின் பகுதி. வுல்ஃப் அங்கே போகத் தொடங்கியபோது அப்படி இல்லை, 1949-ல்தான் கனடாவோடு இணைந்தது. சாலையே இல்லாத கடற்கரைகள், அட்லாண்டிக் சால்மன் ஏறி வரும் ஆறுகள். அங்கே மீன்பிடி முகாம்கள் நடத்தினார். 1940-களின் பிற்பகுதியில் விமானம் ஓட்டக் கற்று, தண்ணீரில் இறங்கும் மிதவைகள் பொருத்திய சின்ன பைப்பர் விமானத்தில் ஆறு ஆறாகப் பறந்தார்.

மேலிருந்து பார்த்தபோது ஆறுகளின் அழகு மட்டும் அவர் கண்ணில் படவில்லை. சால்மன் கடலிலிருந்து முட்டையிட ஆற்றுக்குத் திரும்புகிற மீன். ஆற்றுக்குள் நுழைவதற்கு முன்பே வணிக வலைகள் அவற்றை அள்ளிக்கொண்டிருந்தன. சால்மனைக் காப்பாற்ற வேண்டும், வலைகளுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்று பல ஆண்டுகள் எழுதினார், பேசினார், படமெடுத்தார். 1958-ல் அட்லாண்டிக் சால்மன் பற்றித் தனிப் புத்தகமே வெளியிட்டார். 1960-களில் அமெரிக்கத் தொலைக்காட்சியின் விளையாட்டு நிகழ்ச்சிகளிலும் அவர் முகம் தெரிந்த முகமாச்சு.

அவர் மீனைக் கையாண்ட விதத்தையும் கவனிக்க வேண்டும். பெரிய சால்மனைக் கரைசேர்க்கப் பலரும் கூரிய இரும்புக் கொக்கியால் குத்தி இழுப்பார்கள். குத்திய மீனை என்ன மனசோடு திரும்ப விடுவது? அது பிழைக்காது. வுல்ஃப் வாலின் அடிப்பகுதியைக் கையால் இறுகப் பிடித்து நிறுத்துவார். காயமில்லை. கொக்கியை எடுத்ததும் மீன் அங்கேயே, அதே தண்ணீரில்.

இந்த ‘அங்கேயே’ என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

ஒரே மீன், ஒன்பது முறை

மெதுவாக அரசு அமைப்புகளும் இந்தத் திசைக்கு வந்தன. 1950-களில் கிரேட் ஸ்மோக்கி மவுன்டன்ஸ் தேசியப் பூங்காவின் சில ஓடைகளில், பிடித்த மீனைத் திரும்ப விட்டே ஆக வேண்டும் என்ற விதி சோதனை முறையில் வந்தது. 1973-ல் யெல்லோஸ்டோன் ஆற்றின் ஒரு பகுதியில் கட்த்ரோட் ட்ரவுட் மீன்களுக்கும் அதே விதி.

யெல்லோஸ்டோனில் நடந்த ஓர் ஆய்வு 1986-ல் வெளியானது. வுல்ஃபின் கணக்குக்குக் கிடைத்த நேரடிப் பரிசோதனை என்றே அதைச் சொல்லலாம். அந்தப் பகுதியில் ஒரு மீன் ஒரே சீசனில் சராசரியாக 9.7 முறை பிடிபட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். ஒவ்வொரு முறை பிடிபடும்போதும் இறப்பு விகிதம் வெறும் 0.3 சதவீதம். அதாவது ஒரே மீன் ஒன்பது பத்து பேருக்குச் சந்தோஷம் கொடுத்துவிட்டு உயிரோடும் இருந்தது.

காரணங்கள் மூன்று. அங்கே புழு, இரை கூடாது. ஃப்ளை, செயற்கை இரை மட்டும்தான். நிஜ இரையை மீன் ஆழமாக விழுங்கிவிடும், கொக்கி தொண்டையிலோ செவுளிலோ மாட்டும். ஃப்ளை பெரும்பாலும் உதட்டோடு நின்றுவிடும். இரண்டாவது, மலை ஆற்றின் குளிர்ந்த தண்ணீர். மூன்றாவது, பிடித்த இடத்திலேயே உடனே விடுதல்.

பாஸ் போட்டிக்குள் எப்படி வந்தது?

இதே காலத்தில் அமெரிக்காவின் தெற்கே வேறு ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. ரே ஸ்காட் என்ற அலபாமா இன்சூரன்ஸ் விற்பனையாளர், 1967-ல் ஆர்கன்சாவின் பீவர் ஏரியில் ஒரு பாஸ் மீன் போட்டி நடத்தினார். 106 பேர், ஆளுக்கு 100 டாலர் நுழைவுக் கட்டணம். அடுத்த ஆண்டே பாஸ் மீன்பிடிப்பவர்களுக்கான சங்கம் ஒன்றைத் தொடங்கினார். போட்டிகள் பணமும் புகழும் கொட்டும் தொழிலாக வளர்ந்தன.

ஆனால் ஒவ்வொரு போட்டி முடிந்ததும் செத்த மீன்கள் குவிந்தன. தானமாகக் கொடுத்தாலும், எங்க ஏரியைக் காலி பண்றீங்களே என்ற உள்ளூர்க்காரர்களின் கோபம் குறையவில்லை.

அப்போதுதான் ரே ஸ்காட் கொலராடோவின் ஆஸ்பெனில் ஃப்ளை ஃபிஷிங் ஆட்கள் கூடிய ஒரு நிகழ்வுக்குப் போனார். ஒருவர் சின்ன ட்ரவுட் ஒன்றைப் பிடித்து, கவனமாகத் தண்ணீரில் விட, சுற்றியிருந்தவர்கள் உற்சாகமானதைப் பார்த்தார். வுல்ஃப் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பரப்பிய எண்ணம் அந்தக் கூட்டத்துக்குள் அவ்வளவு இயல்பாக ஊறியிருந்தது. ஒரு சின்ன மீனை விட்டதற்கே இப்படி என்றால், பெரிய பாஸை விட்டால்?

1972-ல் பிடித்ததைக் கொல்லாதே என்ற திட்டத்தை அறிவித்தார். படகில் லைவ்வெல் கட்டாயம். அதாவது பம்ப் மூலம் தண்ணீரும் காற்றும் ஓடும் தொட்டி. உயிரோடு கொண்டுவந்தால் லாபம், செத்தால் நஷ்டம். படகு கம்பெனிகளும் தொட்டியின் வடிவமைப்பை மேம்படுத்தின. எடை மேடைக்குச் செத்து வரும் மீன்களின் பங்கு அடுத்த ஆண்டுகளில் பெரிய அளவில் குறைந்தது.

நீந்திப் போனா பிழைச்சாச்சா?

இங்கேதான் சிக்கல். மேடையில் உயிரோடு இருந்த மீன், ஏரியில் விட்ட மறுநாளோ அதற்கடுத்த நாளோ செத்துப்போகலாம். இதைத் தாமத இறப்பு என்கிறார்கள். கூட்டம் கலைந்த பிறகு, கேமரா அணைந்த பிறகு, தண்ணீருக்கடியில் நடப்பது. அதனால்தான் ஆய்வாளர்கள் போட்டி முடிந்த மீன்களைக் கூண்டில் சில நாட்கள் வைத்துக் கவனிக்கத் தொடங்கினார்கள். மேடையில் தெரியும் இறப்பு குறைந்த வேகத்தில் இந்தத் தாமத இறப்பு குறையவில்லை என்பதும் அப்படித்தான் தெரியவந்தது.

மீனுக்கு என்ன ஆகிறது? தூண்டிலில் போராடும்போது தசைகளில் லாக்டிக் அமிலம் சேரும். உடம்புக்கு ஆக்சிஜன் கடன் ஏறும். வேகமாக ஓடி மூச்சு வாங்கும் ஒருவரை உடனே நெரிசலான லிஃப்டுக்குள் தள்ளிக் கதவை மூடினால் எப்படி இருக்கும்? ஐந்து மீன்கள் நெருக்கியடித்த லைவ்வெல், பாஸுக்கு ஏறக்குறைய அதுதான்.

கோடைக்காலம் என்றால் நிலைமை இன்னும் மோசம். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது சுமார் 7.5 மில்லிகிராம்தான். அதே வெப்பத்தில் மீனின் உடம்பு கேட்கும் ஆக்சிஜனோ கூடிவிடும். தேவை ஏறுது, கிடைப்பது குறையுது. போட்டி மீன்களின் இறப்பு, தண்ணீரின் வெப்பத்தோடு சேர்ந்தே ஏறுகிறது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

இதோடு தொட்டியில் சேரும் கழிவு அம்மோனியா. வலையிலும் தரையிலும் உரசி உரியும் வழவழப்புப் படலம். கிருமிகளிடமிருந்து மீனைக் காக்கும் முதல் கவசமே அதுதான். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தால் உப்பிவிடும் காற்றுப்பை. அப்படி உப்பிய மீன் நேராக நீந்த முடியாமல் மிதக்கும்.

இன்னொரு கோணமும் உண்டு. பாஸ் இனத்தில் முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் இருப்பது ஆண் மீன். வசந்த காலத்தில் அதைக் கூட்டிலிருந்து தூக்கி, பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மேடைப் பக்கம் கொண்டுபோய் விட்டால், சில நிமிடங்களிலேயே மற்ற மீன்கள் முட்டைகளைத் தின்னத் தொடங்கிவிடும். பிடிபட்ட மீன் பிழைத்தாலும் அதன் குடும்பம் பிழைக்காது.

இரண்டு ரிலீஸ், ஒரே பெயர்

இப்போது அந்த ‘அங்கேயே’ என்ற சொல்லுக்குத் திரும்பலாம்.

வுல்ஃபின் முறையில் பிடிப்பதற்கும் விடுவதற்கும் நடுவே சில நிமிடங்கள்தான் இருந்தன. போட்டி அந்த யோசனையை எடுத்துக்கொண்டது. ஆனால் மீனைக் காட்டி எடை போட்டால்தான் போட்டி. அதனால் அந்தச் சில நிமிடங்கள் சில மணி நேரமாக நீண்டன. தொட்டி, படகு ஓட்டம், பை, வரிசை, தராசு, மேடை, அதன் பிறகே தண்ணீர். பெயர் ஒன்றுதான். மீனின் உடம்பு படும் பாடு வேறு வேறு.

போட்டிக்காரர்கள் இதைக் கண்டுகொள்ளாமல் விடவில்லை. தொட்டித் தண்ணீரைச் சில டிகிரி மட்டும் ஐஸ் போட்டுக் குளிர்விப்பது, உப்பு சேர்ப்பது, ஆக்சிஜன் செலுத்துவது, பையில் வைக்கும் நேரத்தைக் குறைப்பது, விடுவதற்குத் தனிப் படகு வைத்து ஏரியில் பரவலாகக் கொண்டுபோய் விடுவது என்று பல வழிகள் நடைமுறைக்கு வந்தன. இதற்கென்றே மீன் ஆய்வாளர்கள் கையேடுகளும் எழுதினார்கள். இவற்றைச் சரியாகச் செய்தால், தண்ணீர் குளிர்ந்திருக்கும் மாதங்களில் பெரும்பாலான பாஸ்கள் பிழைத்துவிடும். கோடையின் உச்சத்தில் இதே முயற்சிகளுக்குப் பலன் குறைவு.

கடைசிப் பறப்பு

பாஸ் போட்டிகள் வளர்ந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில் வுல்ஃப் தன் ஆறுகளிலேயே இருந்தார். 1967-ல் தூண்டில் வீச்சில் பல பட்டங்கள் வென்ற ஜோன் சால்வேட்டோவைத் திருமணம் செய்துகொண்டார். நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில், பீவர்கில் ஆற்றங்கரையில் இருவரும் குடியேறி, 1979-ல் ஃப்ளை ஃபிஷிங் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்கள். கொக்கி கட்டுவதோடு, பிடித்த மீனை எப்படி விடுவது என்பதும் அங்கே பாடமாக இருந்தது.

1984-ல் கனடாவின் அட்லாண்டிக் பகுதியில் பெரிய சால்மன்களைத் தூண்டில்காரர்கள் திரும்ப விட்டே ஆக வேண்டும் என்ற விதி வந்தது. வுல்ஃபின் பல ஆண்டுக் கோரிக்கையில் பாதி நிறைவேறியது. வலைகள் மட்டும் மிச்சம்.

1991 ஏப்ரல் 28 அன்று, 86 வயதில், அதே ரகச் சிறு விமானத்தில் பறந்துகொண்டிருந்தபோது நியூயார்க் மாநிலத்தின் ஹான்காக் அருகே விமானம் விழுந்து வுல்ஃப் இறந்தார். அடுத்த ஆண்டு, 1992-ல், நியூஃபவுண்ட்லாந்து தீவில் வணிக சால்மன் மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை.

திரும்பவும் ‘அங்கேயே’

2011-ல் தொடங்கப்பட்ட மேஜர் லீக் ஃபிஷிங் என்ற அமைப்பு வேறு ஒரு வழியை முயன்றது. ஒவ்வொரு படகிலும் ஒரு நடுவர். மீன் பிடிபட்டதும் படகிலேயே எடை, உடனே அதே இடத்தில் தண்ணீருக்கு. லைவ்வெல்லும் கிடையாது, பையும் கிடையாது. எடை விவரம் மட்டும் திரைக்குப் போகும். மேடையில் மீனைத் தூக்கிக் காட்டும் கொண்டாட்டம் இதில் இல்லை என்று வருத்தப்படும் ரசிகர்கள் உண்டு. பழைய மேடை முறையும் இன்னொரு பக்கம் தொடர்கிறது.

பாஸ் உலகம் சுற்றிச் சுற்றி வந்து நின்ற இடம், ஏறக்குறைய வுல்ஃப் தொடங்கிய இடம்தான். அவர் சொன்னதில் பிடித்ததை விடு என்ற பாதி சுலபமாகப் பரவிவிட்டது. அடுத்தவர் பிடிக்கிற நிலையில் அந்த மீன் இருக்க வேண்டும் என்ற மீதிப் பாதிக்குத்தான் இவ்வளவு காலம் பிடித்தது.

பள்ளி நடந்த அதே பீவர்கில் ஆற்றில், மீனைக் கொல்லக் கூடாது என்ற விதியுள்ள பகுதிகள் 1960-களிலிருந்தே இருக்கின்றன. அங்கே தூண்டில் போடுபவர் கையை முதலில் தண்ணீரில் நனைத்துக்கொள்ள வேண்டும், மீனின் படலம் உரியாமல் இருக்க. முடிந்தால் மீனைத் தண்ணீரை விட்டு எடுக்காமலே கொக்கியைக் கழற்ற வேண்டும். பிறகு மீன் நிதானத்துக்கு வரும்வரை ஓட்டத்தை நோக்கிப் பிடித்திருந்து, அது தானாக நழுவிப் போகும்போது விட்டுவிட வேண்டும். மொத்தம் ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தில்தான் மீன் நாளைக்கும் இருக்குமா என்பது முடிவாகிறது.